காரை நொறுக்கும் சுற்றில் பிறந்த காம்போ

சண்டை வீடியோ கேம்களில் 'காம்போ' என்பது, முதல் அடி விழுந்தபின் எதிராளி தடுக்கவோ விலகவோ முடியாதபடி அடுத்தடுத்து இறங்கும் அடித்தொடர். இன்று அந்த வகை விளையாட்டில் தேர்ச்சியை அளக்கும் முக்கிய அளவுகோல்களில் ஒன்று அது. ஆனால் அது எவரும் திட்டமிட்டு உருவாக்கியதன்று. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆர்கேட் விளையாட்டில், காரை அடித்து நொறுக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு பிழை அது. பிழை அகப்பட்டது தற்செயல். அதை அழிக்காமல் விட்டதும், பிறகு அதற்குப் புள்ளி கொடுத்ததும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். காம்போவின் வரலாற்றை உருவாக்கியவை அந்த முடிவுகளே.

சண்டைகளுக்கு நடுவே புள்ளி சேர்க்க மட்டும் ஒரு சுற்று வைப்பது அதற்கு முன்பே இருந்த வழக்கம். 1987-இல் வந்த முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டரில்' செங்கல்லும் பலகையும் உடைக்க வேண்டும். 1989-இன் 'ஃபைனல் ஃபைட்டில்' கார் வந்துவிட்டது. தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிஸு பின்னாளில் சொன்னபடி, பிழை தேடுவதற்காக 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-இன் கார் சுற்றைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒரு குத்தின் நேரத்துக்குள் இன்னொரு அடியும் விழுவது தெரிந்தது. அந்த நேரத்தைப் பிடிப்பது கடினம், ஆட்டத்தில் இதனால் பயனிருக்காது என்று நினைத்தார்கள். ஆனாலும் மறைந்த அம்சமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கார் சுற்றில் இது தென்பட்டதில் வியப்பில்லை. கார் திருப்பி அடிக்காது, பின்வாங்காது. அதன்மேல் ஒவ்வொரு அடியும் எப்போது விழுகிறது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

நுட்பம் இதுதான். அடி வாங்கியவர் ஒரு கணம் செயலற்று நிற்பார். அடித்தவரும் நீட்டிய காலை மடக்கியாக வேண்டும். அவர் மடக்குவதற்குள் சிறப்பு அடிக்கான ஜாய்ஸ்டிக் அசைவையும் பட்டனையும் கொடுத்துவிட்டால், மடக்கும் அசைவு ரத்தாகி அடுத்த அடி உடனே புறப்படும். ரியூ என்ற வீரன் பாய்ந்து உதைத்து, குனிந்து இன்னொரு உதை விட்டு, அது பட்ட கணத்திலேயே ஹடோகென் என்ற ஆற்றல் பந்தை எறிவது இதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. வினாடியில் சிறு பங்குதான் வாய்ப்பு. அதனால்தான் அது கைப்பழக்கம் கேட்கும் கலையாயிற்று.

தொடர் அடி இதற்கு முன்பே உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், 'ஃபைனல் ஃபைட்டிலேயே' ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் அடிகள் வரிசையாக விழும். ஆனால் அந்த வரிசையை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்தார். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-இல் எந்த அடிக்குப் பின் எது என்பதை ஆடுபவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தயாரிப்பாளரின் நினைவை மட்டும் நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. காட்சி விவரத்தில் நினைவு பிசகியிருக்கலாம். ஆனால் முதல் பதிப்பின் திரையில் தொடர் அடியை எண்ணிக் காட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. திட்டமிட்டுச் செய்த அம்சமாக இருந்திருந்தால் அதை விளம்பரப்படுத்தாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி எண்ணிக் காட்டும் ஏற்பாடு 1993-இல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-உடன் வந்தது. எத்தனை அடி தொடர்ந்து விழுந்தது என்று திரை சொன்னது. அதற்குக் கூடுதல் புள்ளியும் கொடுத்தது. நேருக்கு நேர் மோதுபவர்களுக்குப் புள்ளி எதற்கு, வெற்றிதானே கணக்கு என்பது நியாயமான மறுப்பு. போட்டியின் முடிவை அந்தப் புள்ளி மாற்றவில்லை என்பதும் சரியே. மாறியது வேறு: ஆர்கேட் கூடத்தில் கைமாறிக்கொண்டிருந்த வித்தையை நிறுவனமே தன் விதியாக ஏற்று, அதற்கு ஓர் அளவையும் கொடுத்தது. மறு ஆண்டே 'கில்லர் இன்ஸ்டிங்க்ட்' என்ற சண்டை விளையாட்டு நீண்ட காம்போக்களையும், அவற்றை நடுவில் முறிக்கும் வழியையும் தன் மையமாக வைத்துக்கொண்டது. பிழை எல்லா மென்பொருளிலும் இருக்கும்; அதை அழிக்காமல் விட்டுவைத்து, பிறகு விதியாக ஏற்றதே கேப்காம் குழுவின் உண்மையான சாதனை.