பட்டம் இல்லாத ஆசான்கள்: அமெரிக்க அரசில் சுகாதாரப் புள்ளியியல் பயிற்சி வளர்ந்த வரலாறு

அமெரிக்க மத்திய அரசின் சுகாதார நிறுவனங்கள் புள்ளியியல் ஆய்வுக்காக வழங்கும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் என்பது முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான பயிற்சிக் காலம். பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒருவர், இரண்டு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, அரசின் மூத்த புள்ளியியலாளர் ஒருவரின் கீழ் ஆய்வு செய்கிறார். வகுப்பெடுக்கும் சுமை அவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் இருந்தால் கண்ணில்கூடப் படாத தரவுகள் இங்கே கைக்கு எட்டும். இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. படிப்படியாக உருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்கு அடித்தளம் போட்ட தலைமுறையில் முக்கியமான சிலர் முனைவர் பட்டம் பெறாதவர்கள்.

ஆய்வு ஃபெலோஷிப் என்ற வழக்கம் முதலில் வேரூன்றியது ஆய்வுக்கூடங்களில்தான். 1919இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் இயற்பியல், வேதியியல் முனைவர்களுக்கு ஃபெலோஷிப் வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மருத்துவமும் சேர்ந்தது. அரசு இந்தப் பாதைக்கு வந்தது 1930இல். அந்த ஆண்டின் ரான்ஸ்டெல் சட்டம் பழைய சுகாதார ஆய்வுக்கூடத்தைத் தேசிய சுகாதார நிறுவனம் என்று பெயர் மாற்றியதோடு, ஃபெலோஷிப் வழங்கவும் அனுமதித்தது. 1937இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைத் தோற்றுவித்த சட்டமும் அதே வசதியைச் செய்தது. இரண்டுமே மருத்துவரையும் உயிர்வேதியியலாளரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புள்ளியியலுக்கென்று தனித் துறை வைத்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அன்று மிகச் சில.

ஆனாலும் அரசுக்குப் புள்ளியியலாளர் தேவைப்பட்டார்கள். பொதுச் சுகாதாரச் சேவையின் முதல் முக்கியப் புள்ளியியலாளரான எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் பொருளாதாரம் படித்தவர். ஷாங்காயில் பிறந்தவர், நாவலாசிரியை பேர்ல் எஸ். பக்கின் அண்ணன். 1916 முதல் தென் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களில் பெல்லாக்ரா நோய் பற்றி மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நடத்திய ஆய்வில் இவர் சேர்ந்தார். அது தொற்றுநோய் என்றே பலர் நம்பிக்கொண்டிருந்த காலம். ஆய்வுக் குழுவினர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள். குடும்ப வருமானத்தைக் கேட்டு எழுதினார்கள். கிராமத்துக் கடைக் கணக்கைப் பார்த்து, பதினைந்து நாளில் ஒவ்வொரு குடும்பமும் வாங்கிய பால், இறைச்சி, சோளமாவு எவ்வளவு என்று குறித்தார்கள். பாலும் புதிய இறைச்சியும் வாங்க வசதியில்லாத வீடுகளில்தான் நோய் குவிந்திருந்தது. கிருமியைத் தேடி நுண்ணோக்கிக்குள் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத விடை மளிகைக் கணக்கில் கிடைத்தது.

சைடன்ஸ்ட்ரிக்கர் அடுத்து மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் நகரத்துக்குப் போனார். இறப்புப் பதிவேடு செத்தவர்களைத்தான் காட்டும், படுத்துக் கிடப்பவர்களைக் காட்டாது என்பதால், 1921 முதல் 1924 வரை அங்கே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து நோய்க் கணக்கு எடுத்தார். 1935–36இல் வேலையில்லாதோரைப் பணியமர்த்தி நடத்தப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 7 லட்சம் குடும்பங்களை எட்டியது. இத்தனை வேலையையும் செய்தவர்கள் வேலையிலேயே வேலையைக் கற்றவர்கள்.

அவர்களுக்குப் பள்ளிக்கூடம் அமைந்த இடம் யாரும் எதிர்பாராதது: வாஷிங்டனில் வேளாண் துறை நடத்திய மாலைநேரப் பட்டதாரிப் பள்ளி. 1921இல் தொடங்கிய அந்தப் பள்ளி பட்டம் தரவில்லை. அலுவலகம் முடிந்து வரும் ஊழியர்களுக்குப் பாடம் மட்டும் நடத்தியது. புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அதன் கணிதப் பிரிவைக் கவனித்துக்கொண்ட 1930களில், 1936இல் ரொனால்ட் ஃபிஷரும் 1937இல் யெர்சி நேமனும் அங்கே வந்து சொற்பொழிவாற்றினார்கள். இருவரும் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிக்கொண்டவர்கள். அன்றைய உலகின் தலைசிறந்த இரு புள்ளியியலாளரின் பேச்சை அரசு குமாஸ்தாக்கள் நேரில் கேட்டார்கள் என்பது சாதாரண விஷயமல்ல. பின்னாளில் போஸ்ட்டாக் செய்த வேலையை அன்று இந்த மாலை வகுப்பே செய்தது என்றால் மிகையில்லை.

அந்த வகுப்புகளில் பயின்றவர்களில் ஒருவர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1933இல் வரலாற்றில் இளங்கலை முடித்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டம் அது; 1935இல் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அவரைப் போன்ற யூதர்களுக்கு ஆசிரியப் பதவி தரத் தயங்கின. போட்டித் தேர்வு எழுதி நுழையக்கூடிய அரசு வேலை அவர்களுக்குத் திறந்திருந்த கதவு. நியூயார்க்கின் கெட்டிக்கார இளைஞர் பலர் வாஷிங்டனுக்கு ரயிலேறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர் துறையில் கார்ன்ஃபீல்ட் இருந்த நாட்களைப் பற்றிப் புள்ளியியலாளர் வட்டத்தில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர் வாசிலி லியான்டியெஃபின் ஆய்வுக்கு 24 வரிசை, 24 நிரல் கொண்ட அணி ஒன்றைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. கையால் செய்தால் நூறாண்டு ஆகும் என்று கார்ன்ஃபீல்ட் கணக்குப் போட்டாராம். ஹார்வர்டின் கணிப்பொறியில் செய்யலாம் என்றால், அதற்குக் காசு கொடுக்க அரசு விதியில் இடமில்லை. கடைசியில் தளவாடம் வாங்கும் படிவத்தில், தலைகீழாக்கிய அணி ஒன்று என்று எழுதிக் காரியத்தை முடித்தார்களாம். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் நம்பச் சிரமம் இருக்காது.

போருக்குப் பின் தேசிய சுகாதார நிறுவனம் வேகமாக விரிந்தது. வாஷிங்டனை அடுத்த பெதஸ்டா வளாகத்தில் உயிர்ப் புள்ளியியல் பிரிவைக் கட்டியெழுப்பும் பொறுப்பு ஹெரால்ட் டோர்னிடம் வந்தது. சமூகவியல் படித்த டோர்ன், 1930களின் பிற்பகுதியில் பத்து நகரங்களில் முதல் தேசியப் புற்றுநோய்க் கணக்கெடுப்பை நடத்தியவர். 1947, 1948 ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்தவர்களில் கார்ன்ஃபீல்ட், நேதன் மான்டல், சாமுவேல் கிரீன்ஹவுஸ், மார்வின் ஷ்னைடர்மன் ஆகியோர் உண்டு. சில ஆண்டுகள் கழித்து வில்லியம் ஹென்சல் வந்தார். மருத்துவர்கள் சிக்கலான கேள்வியோடு கதவைத் தட்டுவார்கள்; கேள்விக்குப் பொருந்தும் முறை இல்லாவிட்டால் புதிதாகச் செய்துகொடுப்பது இவர்கள் வழக்கம். இன்று உலகமெங்கும் மருத்துவப் புள்ளியியல் பாடநூலில் இருக்கும் பல சூத்திரங்கள் அப்படி வந்தவையே.

ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1950இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் புகைப் பழக்கம் அதிகம் என்று காட்டின. ஆனால் நோயாளிகளில் எத்தனை பேர் புகைத்தார்கள் என்பதல்ல மக்களின் கேள்வி. புகைப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு எத்தனை மடங்கு என்பதே. மருத்துவமனையில் சேகரித்த விவரத்திலிருந்து அந்தத் திசைக்கு எப்படித் திரும்புவது? 1951இல் கார்ன்ஃபீல்ட் வழி சொன்னார். ஓர் எடுத்துக்காட்டுக்கு, நோயாளிகள் 100 பேரில் 90 பேர் புகைப்பவர், 10 பேர் புகைக்காதவர். நோயற்ற 100 பேரில் 60 பேர் புகைப்பவர், 40 பேர் புகைக்காதவர் என்று வைத்துக்கொண்டால், 90ஐ 40ஆலும் 10ஐ 60ஆலும் குறுக்காகப் பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 3,600ஐ 600ஆல் வகுத்தால் 6. நோய் அரிதாக இருக்கும்வரை, புகைப்பவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்கு என்று இதைப் படிக்கலாம். ஆட்ஸ் ரேஷியோ எனப்படும் இந்த விகிதத்தைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது. கேள்வியோடு மருத்துவர் பக்கத்து அறையில் இருந்ததால் பிறந்தது.

1959இல் இரண்டு முக்கியக் கட்டுரைகள் வந்தன. வயது போன்ற வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு ஒப்பிடும் மான்டல்–ஹென்சல் முறை ஒன்று. கார்ன்ஃபீல்ட் மற்ற ஐவருடன் எழுதியது இன்னொன்று. புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோய் தருவதும் ஒரே மரபணுவாக இருக்கலாமே என்று ஃபிஷர் வாதிட்டுவந்தார். அப்படி ஒரு மறைகாரணம் ஒன்பது மடங்கு ஆபத்தை முழுதாக விளக்க வேண்டுமானால், புகைப்பவரிடம் அது ஒன்பது மடங்காவது கூடுதலாகக் காணப்பட வேண்டும் என்று கட்டுரை பதில் சொன்னது. மாலை வகுப்பில் புள்ளியியல் கற்ற வரலாற்று மாணவர், அந்தத் துறையின் பெரும் ஆசானுக்கு மறுப்பு எழுதிய சம்பவம் இது. டோர்ன் 1954இல் தொடங்கிய ஆய்வும் இதே விவாதத்துக்குச் சான்று சேர்த்தது. அரசு ஆயுள் காப்பீடு வைத்திருந்த ஏறத்தாழ 3 லட்சம் முன்னாள் படைவீரர்களை அவர் தேர்ந்தெடுத்தார். யார் இறந்தாலும் காப்பீட்டுத் தொகை கேட்டுக் குடும்பத்தார் எழுதுவார்கள். ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த வெற்றிகளே ஆளெடுக்கும் முறையை மாற்றின. பெரிய மருந்துப் பரிசோதனைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் புள்ளியியலாளர் வேண்டும் என்றானது. சுகாதார நிறுவனத்தின் பயிற்சி மானியங்களால் பல்கலைக்கழகங்களின் உயிர்ப் புள்ளியியல் துறைகள் வளர்ந்தன. புள்ளியியலாளர் ஹெரால்ட் ஹோட்டலிங்கிடம் முனைவர் பட்டம் பெற்ற சேமூர் கெய்சர் போன்றோர் 1950களின் நடுவில் பெதஸ்டாவுக்கு வரத் தொடங்கினார்கள். கிரீன்ஹவுஸுடன் சேர்ந்து 1959இல் கெய்சர் வெளியிட்ட, ஒரே நபரைத் திரும்பத் திரும்ப அளக்கும் ஆய்வுகளுக்கான திருத்தம் இன்றும் கணிப்பொறி மென்பொருளில் அவர்கள் பெயரால் நிற்கிறது. கற்பிக்கப் பாடம் இருந்தது, படிக்கத் துறை இருந்தது. பட்டம் நுழைவுச் சீட்டாயிற்று.

பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு முன்மாதிரிகளும் அந்தப் பத்தாண்டிலேயே அமைந்தன. 1951இல் தொற்றுநோயியலாளர் அலெக்சாண்டர் லாங்முயர் தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவையை இரண்டாண்டுப் பயிற்சியாகத் தொடங்கினார். 1954இல் தேசிய ஆய்வு மன்றம் அரசு ஆய்வுக்கூடங்களில் முனைவர்களை அமர்த்தும் திட்டத்தை ஆரம்பித்தது. தேர்வு செய்வது வெளி மன்றம், வேலை அரசுக் கூடத்தில் என்ற அந்த அமைப்பு பிறகு பல துறைகளுக்குப் பரவியது. 1974இன் தேசிய ஆய்வுச் சட்டம் பயிற்சி உதவித்தொகைகளை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. கார்ன்ஃபீல்ட் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவராக இருந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரையிலும் அவர் இளங்கலைப் பட்டதாரியே.

அரசின் சுகாதாரப் புள்ளியியலில் இன்னொரு கிளை தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம். 1956இன் சட்டத்தால் தொடர் சுகாதாரக் கணக்கெடுப்பு வந்தது. 1957இல் வீட்டு நேர்காணல் தொடங்கியது. 1960இல் பிறப்பு–இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்தோடு இணைந்து மையம் உருவானது. நடமாடும் வண்டிகளில் மக்களைப் பரிசோதித்து இரத்த மாதிரி எடுக்கும் கணக்கெடுப்பு இதன் தனிச்சிறப்பு. 1976–80 சுற்றில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு சுமார் 37 விழுக்காடு குறைந்திருந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே காலம். கணக்கெடுப்பு முறையின் கோளாறு அல்ல இது என்று நிறுவும் வேலை புள்ளியியலாளர் தலையில் விழுந்தது. 1977இல் மையம் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி வரைபடத்தை உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அளவுகோலாக ஏற்றதால், இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முதல் சுற்றுகளில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் எடையும் அமெரிக்கக் குழந்தைகளின் எடையோடு ஒப்பிடப்பட்டது. கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹையோவில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த பிள்ளைகளிடம் எடுத்த அளவு. 2006இல் புதிய அளவுகோல் வரும்வரை இது நீடித்தது.

இந்த மையத்தில் ஃபெலோஷிப்புக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. தனிமனிதரின் நோய், முகவரி, இறப்பு விவரங்களை வெளியே தர முடியாது. 2002இன் சட்டப்படி இரகசியத்தை வெளியிட்டவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். எனவே தரவை ஆய்வாளரிடம் அனுப்புவதைவிட ஆய்வாளரைத் தரவிடம் கொண்டுவருவது சுலபம். 1998 முதல் இயங்கும் ஆய்வுத் தரவு மையத்தில், எடுத்துச்செல்லும் ஒவ்வொரு அட்டவணையையும் ஊழியர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் சிலபேர் மட்டுமே விழுந்தால் அந்த எண் மறைக்கப்படும்.

பெதஸ்டாவில் இன்றைய போஸ்ட்டாக் சட்டப்படி ஊழியர் அல்ல, பயிற்சியாளர். அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் வர வேண்டும், பொதுவாக ஐந்தாண்டுக்கு மேல் இருக்க முடியாது. பட்டமில்லாமல் நிரந்தர ஊழியராக இருந்த கார்ன்ஃபீல்ட் தலைமுறையின் நிலைமை அப்படியே புரண்டுவிட்டது. மாலை வகுப்பில் கற்றவருக்கு இந்தப் படிவத்தில் நிரப்ப இடமில்லை. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் ஒரு திட்டத்தில் வருகிறார்கள். மற்ற நாட்டவர் வருகை ஃபெலோ என்ற வேறு திட்டத்தில் விசா வாங்கி வருகிறார்கள். காலம் முடிந்ததும் சிலர் அதே நிறுவனத்தில் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடுகிறார்கள். ஏனையோர் பல்கலைக்கழகம், மருந்து நிறுவனம், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பிரிந்துபோகிறார்கள்.