வைத்தியர் யார் பக்கம்?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அவை. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்போர் இந்நான்கினோடு ஐந்தாமவன் ஒருவனையும் சேர்த்தெண்ண வேண்டியவராகின்றனர். அவன், வைத்தியருக்குச் சம்பளம் கொடுப்பவன். வைத்தியர் மருந்தறையைவிட்டு வெளியே வந்து மக்களுக்காகக் குரல் கொடுத்தாரா, வாய்மூடி இருந்தாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவன் அவனே.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடந்தே மலையேறினர். வாந்திபேதியும் அம்மையும் வயிற்றுக்கடுப்பும் அவர்களோடு கூடவே நடந்தன. வேலை செய்ய இயலாதவர் தோட்டத்துக்குச் சுமையாயினர். சாகுந் தறுவாயில் பலர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தனர். கம்பளை ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த டொக்டர் வான் டோர்ட் இதனைக் கண்டார். கண்டதைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அமைந்திருக்க அவருக்கு வழியிருந்தது. அவரோ 1869ஆம் ஆண்டில் அதனை அறிக்கையாகவே எழுதினார். அவர் அரசாங்க வைத்தியர். தோட்டத்துரையின் சம்பளத்தில் வாழ்ந்தவரல்லர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

உலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1848ஆம் ஆண்டில் மேற்குச் சைலீசியாவிலன்று, மேற்சைலீசியா எனப்படும் பிரஷ்ய மாகாணப் பகுதியில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அதனை ஆராயச் சென்ற ருடோல்ஃப் விர்ஷோ என்னும் இளம் வைத்தியர், நோய்க்கு மருந்தாகச் சனநாயகத்தையும் கல்வியையும் மக்களின் வாழ்க்கை உயர்வையும் பரிந்துரைத்தார். நோயின் வேர் சமுதாயத்தில் இருக்குமாயின், மருந்தும் அங்கேதான் இடப்பட வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய முதற் சட்டம் இலங்கையில் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டின் சட்டம் அதனை மேலும் விரித்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணுதல் ஆகியவை கடமைகளாக்கப்பட்டன. அக்காலத்து இலங்கைக் கிராமவாசிக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. எனவே இது ஒரு பேறு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இக்கடமைகள் யாவும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன? தோட்டத்துரையிடம்!

இதன் விளைவு யாது? தோட்ட மருந்துச்சாலையில் இருந்த டிஸ்பென்சர் தோட்டத்தின் சம்பளம் பெற்றார். தோட்டம் கொடுத்த வீட்டில் வாழ்ந்தார். ஒரு தொழிலாளி நோயாளியா, வேலைக்குக் கள்ளமடிப்பவனா என்று அவர் சொல்லும் சொல்லில் அன்றைய ‘பேர்’ தங்கியிருந்தது. அவர்களுள் இரக்கமுள்ளோர் பலர் இருந்திருப்பர். ஆனால் குழந்தையின் மார்ச்சளிக்குக் காரணம் ஒழுகும் கூரை என்று அவர் எழுதினால், அதைப் படிக்க வேண்டியவரும் கூரைக்குச் செலவிட வேண்டியவரும் ஒரே துரைதான். தனிமனிதரின் இரக்கம் இந்த அமைப்பை மாற்றப் போதியதன்று.

இந்த ஐந்தாமவனின் பிடிக்கு வெளியே நின்ற ஒருவரின் வாழ்வை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. 1873ஆம் ஆண்டில் கனடாவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் கற்ற மேரி, 1896ஆம் ஆண்டில் மிஷன் வைத்தியராகப் பணியாற்ற இலங்கைக்கு வந்தார். எஸ். சி. கே. இரட்ணம் என்ற தமிழரை மணந்த காரணத்தால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. மேரி இரட்ணம் நாடு திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1930ஆம் ஆண்டில் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமப் பெண்களிடையே சுகாதாரமும் போசாக்கும் கைத்தொழிலும் பரவச் செய்தார். 1937ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958ஆம் ஆண்டில் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

1927ஆம் ஆண்டு இறுதியில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். அச்சங்கம் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் பெண்களே, அவர்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். வாக்குச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளர். வாக்குள்ளவர் கிணறு கேட்கலாம், மருத்துவிச்சியைக் கேட்கலாம், பிரசவ விடுதி கேட்கலாம். வாக்கற்றவர் மருந்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டு திரும்பலாம், அவ்வளவே.

1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையைச் சூறையாடியது. ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞரோடு சேர்ந்து நிவாரணத்தில் இறங்கிய வைத்தியர்களுள் மேரி இரட்ணமும், அரசாங்க சபை உறுப்பினராயிருந்த டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் குறிப்பிடத்தக்கோர். காய்ச்சலோடு பசியும் மக்களைக் கொல்கிறது என்பது அங்கே கண்கூடாயிற்று. கொயினாவோடு உணவும் தேவையென உணர்ந்த அத்தொண்டர் கூட்டம், மார்மைற்றை மாத்திரைகளாக உருட்டியும் கொடுத்தது.

எனினும் இத்தொண்டுகள் பெரும்பாலும் கிராமத்தோடு நின்றன. தோட்டம் தனியார் நிலம். அதன் எல்லைக்குள் நுழையத் துரையின் அனுமதி வேண்டும். 1931ஆம் ஆண்டில் தோட்டப் பெண்களுட் சிலருக்கேனும் கிட்டிய வாக்கையும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டமும் பறித்தன. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. நாட்டின் பொதுச் சுகாதார சேவை கிராமங்களில் வேரூன்றி வளர்ந்த பல பத்தாண்டுகளில், அதனைத் தம் உரிமையாகக் கேட்கும் குரல் தோட்ட மக்களுக்கு இருக்கவில்லை.

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், தியலும அருவிக்கு அருகே உள்ளது நமது கொஸ்லந்த. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலை, இங்கே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களோ அதே லயங்களில் இருந்தனர். மண்சரிவு நோயன்று. ஆயினும் ஒழுகும் கூரையை மாற்றாது விட்ட அதே வரலாறுதான், ஆபத்தான மலைச்சரிவில் மக்களை உறங்க விட்டது. தொழிலாளி எங்கே உறங்குவான் என்பதைத் தொழிலாளி தீர்மானிக்க முடியாத வரலாறு அது. உயிர் தப்பியோர் பாடசாலைகளில் தங்கியிருந்த நாள்களில் மருந்து தருவது தேவையான தொண்டு. ஆனால் இந்த வீடு மனிதர் வாழத் தகுதியற்றது என்று முன்னரே எழுதி, அதை நிறைவேற்றும்வரை ஓயாது கேட்பது அதனினும் பெரிய வைத்தியம்.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டில் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளுட் சிலவற்றை அரசு ஏற்றிருக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. எஞ்சியவற்றையும் பொதுச் சுகாதார சேவையோடு இணைப்பதும், தொழிலாளியின் மொழியில் பேசும் வைத்தியர்களையும் மருத்துவிச்சிகளையும் அங்கே அமர்த்துவதும் உடனடித் தேவைகள். தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வியை வளர்த்து, லயத்துப் பிள்ளைகளே வைத்தியராக வழி செய்தல் எம்போன்ற ஆசிரியரின் கடன். பதுளைக்கும் அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் பணிபுரிய வரும் வைத்தியர்களிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. லயத்துக்கு வாருங்கள், கண்டதை எழுதுங்கள், எழுதியதைச் சபைகளில் சொல்லுங்கள். வான் டோர்ட்டுக்குப் பக்கத்துணை இருக்கவில்லை. உங்களுக்கு ஆசிரியரும் தொழிற்சங்கமும் ஊர் மக்களும் துணை நிற்போம்.