திறக்காமல் பார்த்தல்: வயிற்றறை நோக்கலின் வரலாறு

1905ஆம் ஆண்டு நமது மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் அள்ளப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்றறிய, அவற்றை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தார்கள். அக்காலத்தில் மனித வயிற்றின் நிலையும் ஏறக்குறைய இதுதான். காரணம் தெரியாத வலியென்றால் வெட்டித் திறந்து பார்ப்பதே வைத்தியர்களின் கடைசி வழி.

ஆனால் 1901இலேயே ஜேர்மனியைச் சேர்ந்த கியோர்க் கெலிங் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். நாயொன்றின் வயிற்றறைக்குள் காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியால் உள்ளுறுப்புகளை நோக்கினார். 1910இல் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ், நோயாளிகளிடம் இவ்வாறு செய்த அனுபவத்தை வெளியிட்டார். 1940களில் பாரிஸ் நகரப் பெண்நோயியல் நிபுணர் ராவுல் பால்மர் இம்முறையால் கருப்பை, சூலகம் ஆகியவற்றை ஆராய்ந்தார். பம்பாயில் தெஹம்தன் உத்வாடியா 1972இல் நோயறிவதற்காக இதைக் கையாளத் தொடங்கி, 1990இல் இதே வழியாகப் பித்தப்பையையும் அகற்றினார்.

அதே 1990இல்தான் நமது தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. உலகம் சிறுதுளை வழியே வயிற்றைப் பார்க்கப் பழகிய அந்த இருபது ஆண்டுகளில்தான் நாங்கள் பள்ளிச் சிறுமிகளாக இருந்து வைத்தியர்களானோம்.

இன்று லப்பரொஸ்கோப்பி எனப்படும் இம்முறையில், நோயாளியை மயக்கி, தொப்புளருகே சுமார் ஒரு சென்ரிமீற்றர் துளையிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றறையை விரிப்பார்கள். உள்ளே செல்லும் கமரா உறுப்புகளைத் திரையில் காட்டும். வெட்டு சிறியது, வலி குறைவு, வீடு திரும்பும் நாளும் விரைவு. ஆயினும் இதுவும் ஒரு சத்திரசிகிச்சையே. ஸ்கான் பரிசோதனையே விடை தந்துவிட்டால் இது தேவைப்படாது.

ஆனால் ஸ்கானுக்கு அகப்படாத நோய்களும் உண்டு. கருப்பையின் உள்வரியை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் 'எண்டோமெற்றியோசிஸ்' அவற்றுள் ஒன்று. மாதவிடாய் நாட்களில் மேசையில் தலை கவிழ்த்துக் கிடந்த தோழிகள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். "கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொன்னதை நாங்களும் அவர்களிடம் திருப்பிச் சொன்னோம். அவர்களுள் எத்தனை பேருக்கு இந்நோய் இருந்ததோ! பின்னாளில் அத்தகைய நோய்த்திட்டுகளைத் திரையில் கண்டபோது, எங்கள் நினைவுக்கு வந்தவை அந்த முகங்களே.

இன்று எல்லோருக்கும் லப்பரொஸ்கோப்பி தேவையில்லை. அறிகுறிகளைக் கொண்டே மருந்தைத் தொடங்கலாம். ஆனால் முதலில் அந்த வலியை நம்ப வேண்டும். நூற்றாண்டு காணும் நம் கல்லூரியின் பழைய மாணவிகளாகிய நாம் இன்று தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் இருக்கிறோம். மாதந்தோறும் பாடசாலைக்கு வரமுடியாமல் துடிக்கும் பிள்ளையிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லாதிருப்போம். அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.