நிலத்திலிருந்து உடலுக்கு: இலங்கையின் 1848 வீதிச் சட்டமும் வரிச்சுமையின் நியாயமும்

1848ஆம் ஆண்டின் எட்டாம் இலக்க வீதிக் கட்டளைச் சட்டம், இலங்கையில் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே தொகை. தோற்றத்திற் சமத்துவமான இவ்வேற்பாடு, இராசகாரியம் என்னும் பழைய ஊழிய முறையோடு ஒப்பிடத்தக்கது.

ஆளுநர் பாண்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி அவ்வூழியத்தாலேயே அமைந்தது. கோல்புறூக் விசாரணையின் விளைவாக 1832இல் அது ஒழிக்கப்பட்டது. இராசகாரியம் கொடுமையானதே, எனினும் கோட்பாட்டளவில் அது நிலத்தோடு பிணைந்திருந்தது. நிலத்தை அனுபவித்தவன் அதற்கு ஈடாக உழைத்தான். 1848இல் அப்பிணைப்பு அறுந்தது. நிலமற்றவனும் தன் உடலைக் காரணமாகக் கொண்டே கடமைப்பட்டான். கண்டிப் பகுதிக் குடியானவர் இதனை ஒழிந்த ஊழியத்தின் மீள்வருகையாகக் கருதியதில் வியப்பில்லை.

வீதியின் பயன் யாருக்கு என்பதே முதன்மையான வினா. 1847இன் வணிக நெருக்கடியிற் கோப்பி விலை வீழ்ந்தது. தோட்ட உரிமையாளர் சலுகை கோரினர். கோப்பி மீதான இரண்டரை விழுக்காட்டு ஏற்றுமதித் தீர்வை 1848இல் நீக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்ற வண்டிகள் வீதிகளிலும் பாலங்களிலும் ஆயம் செலுத்தின என்பது உண்மை. பயன்பாட்டுக்கேற்ப அமைந்த அவ்வாயம், குத்தகைக்கு விடப்பட்ட குறையோடும், தலைவரியை விட நியாயமானது என்பது என் கருத்து. ஒற்றையடிப் பாதையே போதுமாயிருந்த கிராமத்தானிடம் அதே வீதிக்காக ஆறு நாள் உழைப்புக் கேட்கப்பட்டது. குடியேற்ற நாட்டுச் செயலர் கிரே பிரபுவோ, நேர்வரி மக்களை உழைப்புக்குத் தூண்டும் என்ற கொள்கையால் இதனை ஆதரித்தார்.

பணத்தைத் தொடலாகாது என்ற விநய விதிக்குட்பட்ட பிக்குகளுக்கும் தொடக்கத்தில் விலக்கில்லை. எதிர்ப்புக்குப் பின்னரே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீதான வரிகளும் சேர, 1848 சூலை 28இல் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. மறுநாள் கண்டியிற் படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகத்து 8இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. ஆளுநர் டொரிங்டன் 1850இற் பதவி நீங்கினார்.

வீதிவரி மட்டும் நீங்கவில்லை. பின்னைய சட்டம் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு விலக்களித்தது. இது தொழிலாளிக்குக் கிடைத்த சலுகை போலத் தோன்றினும், ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பைத் தோட்டத்துக்கே மீதப்படுத்தியது என்றும் வாசிக்க இடமுண்டு. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்க இத்தலைவரியைச் செலுத்த மறுத்து இயக்கம் நடத்தினார். மாத்தளைக் கிளர்ச்சி நிகழ்ந்து அப்போது எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.