மன்னிப்புக் கேட்காத பெண்

1310 ஜூன் 1 அன்று பாரிஸ் நகரின் பிளாஸ் து கிரேவ் சதுக்கத்தில் மார்கரீத் பொரெத் என்ற பெண் எரித்துக் கொல்லப்பட்டார். அவர் ஒரு புத்தகம் எழுதினார். தடைவிதித்த பிறகும் அதைப் பிறர் கையில் கொடுத்தார். அதுதான் குற்றம்.

மார்கரீத் ஒரு பெகின். மடத்தில் சேராமல், துறவற வாக்கு எதுவும் கொடுக்காமல், இறைவனுக்காக வாழ்ந்த பெண்களை அப்படி அழைத்தார்கள். திருச்சபையின் மொழி லத்தீன். அவரோ மக்கள் பேசிய பிரெஞ்சில் ‘எளிய ஆன்மாக்களின் கண்ணாடி’யை எழுதினார். அதில் அன்பும் ஆன்மாவும் அறிவும் உரையாடுகின்றன. நடுவழியில் அறிவு செத்துப்போகிறது. இறையன்பில் கரைந்த ஆன்மா சொர்க்கத்துக்கு ஆசைப்படுவதில்லை, நரகத்துக்கு அஞ்சுவதில்லை. பூசையையும் பிரசங்கத்தையும் நோன்பையும் தேடிப் போவதில்லை. அருள் இலவசமாக வருகிறது, நடுவில் ஆள் தேவையில்லை. நான் வாசித்த அளவில் நூலின் சாரம் இதுதான்.

காம்ப்ரே ஆயர் அந்த நூலை வலென்சியென் நகரில் எல்லோர் முன்னும் எரித்தார். மார்கரீத் ஓயவில்லை, கல்விமான்கள் மூவரிடம் காட்டி ஆதரவு பெற்றார். பிறகு கைதாகி பாரிஸில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிறையிலிருந்தார். விசாரணையாளர் கியோம், அரசரின் ஆன்ம குருவும்கூட. அவர் முன் சத்தியம் செய்யவும் பதில் சொல்லவும் மார்கரீத் மறுத்தார். நூலிலிருந்து பிய்த்தெடுத்த சில வாக்கியங்களை மட்டும் பார்த்து, 21 இறையியலாளர்கள் அதைத் தப்பறை என்றார்கள்.

இந்த விசாரணை தண்டிக்க மட்டும் நடந்ததல்ல, மன்னிக்கவும் நடந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சத்தியம் செய், தவறை ஒப்புக்கொள், பாவமன்னிப்பைக் கேள்: வழி திறந்தே இருந்தது. மார்கரீத்துக்காகப் பேசிக் கைதான கியார் என்பவர் கடைசியில் பணிந்தார். அவருக்குக் கிடைத்த கருணை ஆயுள்சிறை. மார்கரீத் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், அருளின் சாவி அவர்கள் கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும்.

எல்லாப் பாவத்துக்கும் நிந்தனைக்கும் மன்னிப்பு உண்டு, தூய ஆவிக்கு எதிரான நிந்தனைக்கு மட்டும் இல்லை என்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். பெண்களையும் எளியவர்களையும் மிரட்ட எத்தனையோ முறை பயன்பட்ட வசனம் இது. ஆனால் இயேசு அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். அவர் பேயோட்டியதைப் பேய்களின் தலைவனுடைய வேலை என்று பழித்த பரிசேயர்களிடம். கடவுளின் செயலைக் கண்ணால் கண்டும் அதைச் சாத்தானுடையது என்று தீர்ப்பெழுதிய சமயப் பெரியவர்களை நோக்கிய எச்சரிக்கை அது. தீர்ப்புக்காகக் காத்துநின்ற எளியவர்களை நோக்கியதல்ல.

எழுதியவரை எரித்தார்கள், நூல் தப்பியது. பெயர் இல்லாமல் கைமாறி லத்தீனுக்கும் இத்தாலியனுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. மடங்களில் பக்திநூலாக வாசிக்கப்பட்டது. 1927இல் ஆங்கிலப் பதிப்பு கத்தோலிக்கத் திருச்சபையின் அனுமதியுடனேயே அச்சானது. 1946இல்தான் ரொமானா குவார்னியெரி என்ற ஆய்வாளர், இதை எழுதியவர் மார்கரீத் என்று கண்டறிந்து அறிவித்தார்.

அறுநூறு ஆண்டுகள் பெயரற்று வாழ்ந்தபோது புனிதமாகத் தெரிந்த அதே சொற்கள், ஒரு பெண் தன் வாயால் சொன்னபோது நிந்தனையாக இருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மார்கரீத் அல்ல.