பட்டையும் சத்தும்

மூலிகையைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. பச்சிலை யாரையும் கெடுக்காது என்பது ஒன்று. அந்தப் பச்சிலையைக் காய்ச்சிச் சுருக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் பத்து மடங்கு நன்மை செய்யும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் நம்பிக்கையைக் கேட்டால் எனக்கு எட்டி மரமும் அரளிச் செடியும் ஞாபகத்துக்கு வருகின்றன. அவையும் மண்ணில் முளைத்தவைதாமே? இரண்டாவதைக் கேட்டால் வேறொரு சந்தேகம் பிறக்கிறது. நன்மையைப் பத்து மடங்காக்கும் அடுப்பு தீமையை மட்டும் அப்படியே விட்டுவிடுமா?

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்லன். ஆனால் சரித்திரத்தில் இதே வழக்கு ஒரு மரப்பட்டையின் பெயரால் முந்நூறு ஆண்டுகள் நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சிகள் உண்டு, கணக்கும் உண்டு. அதன் ஒரு முக்கியமான விசாரணை நமது நீலகிரியிலேயே நடந்தது. ஆகவே அந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பட்டையின் பெயர் சின்கோனா. நம் பாட்டிமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘கொயினா’ என்று சொன்னார்களே, அந்தக் கசப்பு மருந்து இதிலிருந்து வந்ததுதான். மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைச் சரிவுகள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏசு சபைப் பாதிரிமார் இந்தப் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவியான சின்கோன் சீமாட்டி இதை உண்டு ஜுரத்திலிருந்து பிழைத்தாள் என்று ஓர் அழகான கதை உலவிற்று. லின்னேயஸ் என்ற தாவர சாஸ்திரி 1742இல் அவளுடைய பெயரையே மரத்துக்கு வைத்தார். அதிலும் ஓர் எழுத்தைத் தவறவிட்டார். கதையே பொய் என்று 1941இல் பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் புரட்டிக் காட்டிவிட்டார்கள். கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இது வருத்தமான செய்தி. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்து ரோமாபுரி சதுப்பு நிலங்களின் நடுவே இருந்தது. முறைவைத்து வரும் குளிர்ஜுரம் அங்கே பாதிரியையும் பிரபுவையும் பார்க்காமல் கொன்றது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அந்த நகரத்தில் ஒரு மருந்துச் சீட்டை அச்சிட்டு வழங்கினார்கள். பட்டையை இடித்துச் சலித்து, இரண்டு டிராம் நிறை எடுத்து, வெள்ளைத் திராட்சை மதுவில் ஊறவைத்து, குளிர் தொடங்கும் வேளையில் குடிக்க வேண்டும் என்பது சீட்டின் சாரம். அந்தக் காலத்து டிராம் கணக்கில் அது ஏழெட்டு கிராம் பொடி ஆகும்.

நிறுத்துத்தானே கொடுத்தார்கள், இதில் என்ன குறை என்று கேட்கலாம். நிறுத்தது பொடியை, பொடிக்குள் இருந்த மருந்தை யாரும் நிறுக்கவில்லை. நிறுக்க வழியும் இல்லை. சின்கோனா என்பது ஒரே மரம் அல்ல, ஒரு பெரிய குடும்பம். சில இனங்களின் பட்டையில் கொயினா நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பின்னாளில் பொலிவியாவிலிருந்து ஜாவாவுக்குப் போன ஓர் இனத்தில் அது பதின்மூன்று சதவீதம் வரை ஏறியது. எட்டு கிராம் பொடியில் இரண்டு சதவீதம் என்றால் 160 மில்லிகிராம். பதின்மூன்று என்றால் ஒரு கிராமுக்கு மேல். பிற்கால வைத்தியம் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் அளவில், நாளுக்கு மூன்று வேளையாக ஏழு நாள் கொடுத்தது. பட்டைப் பொடி ஒரு கிண்ணத்தில் அதன் கால் பங்கையும் கொடுக்கலாம், ஒன்றரைப் பங்குக்கு மேலும் கொடுக்கலாம். இதற்கு மேல் வியாபாரிகளின் கைவரிசை வேறு. சின்கோனா என்று சொல்லி செரி மரத்துப் பட்டையை விற்றவர்களும் உண்டு.

விளைவு என்ன? ஒருவன் பிழைத்தான், அவன் அண்டை வீட்டுக்காரன் அதே மருந்தைக் குடித்துவிட்டுச் செத்தான். முதல்வனைக் கண்டவர்கள் பட்டையைத் தெய்வம் என்றார்கள். இரண்டாமவனைக் கண்டவர்கள் விஷம் என்றார்கள். கண்ட அளவில் இரு கட்சியும் உண்மையைத்தான் சொன்னது.

இந்தக் குழப்பத்தில் பணக்காரன் ஆனவன் ராபர்ட் டால்பர் என்ற ஆங்கிலேயன். மருந்துக் கடையில் தொழில் பழகியவன். சதுப்பு நிலம் மிகுந்த எஸ்ஸெக்ஸ் கரையில் போய் ஜுர வைத்தியம் செய்தான். ஏசு சபைப் பட்டையை அறியாதார் கையில் வாங்கி உண்ணாதீர்கள் என்று 1672இல் புத்தகமே எழுதினான். தன்னுடைய மருந்து மட்டும் பரம ரகசியம் என்றான். இரண்டாம் சார்லஸ் மன்னன் அவனுக்கு ‘ஸர்’ பட்டம் கொடுத்தான். மன்னனுக்கு ஜுரம் கண்டபோது அதையும் தீர்த்தான். பிறகு பிரான்சுக்குப் போய் இளவரசனைக் குணப்படுத்தினான். பதினான்காம் லூயி மன்னன், வைத்தியன் உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டில், ரகசியத்தை நல்ல விலைக்கு வாங்கினான். டால்பர் 1681இல் இறந்தான். மறுவருஷம் ரகசியம் அச்சேறியது. பார்த்தால், மதுவில் ஊறிய சின்கோனாப் பட்டை! யாரை எச்சரித்தானோ அவர்களுக்கே அதே பட்டையைக் கொடுத்திருக்கிறான்.

டால்பரை வெறும் மோசக்காரன் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டையைப் பலமுறை கொடுத்துப் பார்த்து, எப்போது கொடுப்பது, எத்தனை தடவை கொடுப்பது என்று அவன் கைப்பழக்கத்தில் கண்டிருக்கிறான். ஆனால் அந்தக் கைப்பழக்கம் அவனோடு போய்விடக் கூடியது. மருந்தின் பத்திரம் மருந்தில் இல்லாமல் ஒரு தனி மனிதனின் விரல் நுனியில் இருந்தது.

1820இல் பாரிஸ் நகரத்தில் பெல்லெத்தியே, காவந்தூ என்ற இரண்டு மருந்துச் சாஸ்திரிகள் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தார்கள். தங்கள் முறையைப் பூட்டிவைத்துப் பணம் பண்ணாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். டால்பருக்குப் பின் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த ரகசியம் உண்மையிலேயே உடைந்தது இவர்கள் கையில்தான் என்பேன். அதற்குப் பிறகு வைத்தியர் நிறுத்தது பொடியை அல்ல, மருந்தையே. மனிதன் கண்டெடுத்த இந்தச் சத்து சாதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. அளவு மிஞ்சினால் காது இரையும், தலை சுற்றும்; இன்னும் மிஞ்சினால் பார்வை போகும், இதயம் தடுமாறும். ஆனால் மிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்ள இப்போது ஓர் அளவு இருந்தது. பட்டைக் கிண்ணத்தில் அது இல்லை.

இனி நீலகிரிக்கு வரலாம். இந்தியாவில் ஜுரத்தால் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கொயினாவின் விலையோ ஏழைக்கு எட்டாதது. மரத்தை இங்கேயே வளர்ப்பது என்று ஆங்கிலச் சர்க்கார் தீர்மானித்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஆண்டிஸ் மலைக் கன்றுகளோடு உதகமண்டலம் வந்தார். அரசாங்கத் தோட்டத்தைப் பார்த்துவந்த மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார். நடுவட்டத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். ஏழைக்கு மருந்து தேடிய கதையில் அவர்களுடைய வியர்வையும் சேர்ந்திருக்கிறது.

மரம் செழித்தது. ஆனால் இங்கே செழித்தது சிவப்புப் பட்டை இனம். அதில் கொயினா குறைவு. அதன் தம்பிமார்களான சின்கோனிடின், சின்கோனின் முதலியவை அதிகம். கொயினாவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடுவதா? அல்லது மற்றவையும் ஜுரத்தைத் தீர்க்குமா? நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் ஒரு பாதி இது. சென்னை அரசாங்கம் 1866இல் ஒரு வைத்தியக் குழுவை நியமித்தது. அவர்கள் நான்கு சத்துக்களையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விவாதம் செய்யாமல் எண்ணிப் பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம். முறைஜுரம் கண்ட 2472 பேரில் 2445 பேருக்குக் குணம் கண்டது. 27 பேருக்குப் பலிக்கவில்லை. நான்கில் சின்கோனின் சற்றுப் பின்தங்கியது. மற்ற மூன்றும் ஏறக்குறையச் சமம். மலேரியாக் கிருமியை மனிதக் கண் முதல்முதலாகக் கண்டதே 1880இல்தான். ஆகவே அந்தக் கணக்கில் இன்றைய கண்டிப்பை எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. ஆயினும் ஐந்தாறு தலைமுறை வாய்ச்சண்டைக்குப் பிறகு எண்ணிக்கை பேசியதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதன் பலனாக, எல்லாச் சத்துக்களையும் பட்டையில் இருந்தபடி கூட்டாகவே எடுத்த ஒரு மலிவான ஜுர மருந்தை 1874 முதல் வங்காளத்தில் டார்ஜிலிங் பக்கம் தயாரித்தார்கள். முழு மூலிகையின் கட்சிக்காரர்கள் இங்கே தலை நிமிரலாம்: கூட்டு மருந்து வேலை செய்தது. ஆனால் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்கவைப்பதில் அது சுத்தமான கொயினாவைத் தோற்கடித்தது. அப்படியானால் சுத்தச் சத்தின் கட்சி ஜெயித்ததா என்றால், ஏழை நாடுகளுக்கு விலையே பெரிய விஷயம். ஆகவே 1930களில் சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழு ‘டோடக்வினா’ என்ற கூட்டு மருந்தையே சிபாரிசு செய்தது. ஒரு நிபந்தனையும் போட்டது: அதில் பளிங்காகப் பிரியும் சத்துக்கள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கூட்டு இருக்கட்டும், அளவு தெரிந்த கூட்டாக இருக்கட்டும் என்பது இதன் பொருள்.

கூட்டாளிகள் எல்லாரும் நண்பர்களா என்பதற்கும் இந்தப் பட்டையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. வெங்கெபாக் என்ற இதய வைத்தியரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். தாறுமாறாக அடித்துக்கொள்ளும் தம் இதயத்தைக் கொயினா தின்று தாமே சரிசெய்துகொள்வதாகச் சொன்னார். வைத்தியர் முதலில் நம்பவில்லை. மறுநாள் நாடியைப் பிடித்துப் பார்த்தபோது ஒழுங்காக இருந்தது. பிறகு வால்ட்டர் ஃப்ரை 1918இல் சோதித்து, இந்த வேலையில் கொயினாவைவிடக் குவினிடின் என்ற தம்பியே வல்லவன் என்று கண்டார். இதயத்தை ஒழுங்குபடுத்தும் அந்த மருந்து சில பேருக்கு இதயத்தைத் திடீரென்று தடுமாறவைத்து மயக்கிவிழச் செய்யும் என்பதும் பின்னால் தெரிந்தது. இத்தனை வல்லமையும் இத்தனை ஆபத்தும் அந்தப் பட்டைப் பொடியில் முந்நூறு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தன. ‘இயற்கையாகவே கலந்திருப்பது’ என்ற காரணத்தால் அவை சாதுவாகிவிடவில்லை.

இதுவரை படித்தவர்கள் நான் குப்பிக்கு வக்கீல் என்று எண்ணக்கூடும். எதிர்ச் சாட்சியும் அதே மலையில் இருக்கிறது. ஜாவாப் பட்டை சந்தையை நிரப்பி விலை விழுந்தபின், நீலகிரியிலும் இலங்கையிலும் சின்கோனா நின்ற சரிவுகள் பல தேயிலைக்குப் போய்விட்டன. தேநீரைப் போலச் சாதுவான கஷாயம் உண்டா? ஆனால் பச்சைத் தேயிலையின் சத்தை இறுக்கி, உடம்பு மெலிய என்று மாத்திரையாக விற்கத் தொடங்கினார்கள். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணக்குச் சொன்னது. அந்தத் தேயிலையின் முக்கியமான சத்தை, தேநீராகக் குடிப்பவர் நாளுக்குச் சராசரி 90 முதல் 300 மில்லிகிராம் வரை பெறுகிறார். மாத்திரைகளிலோ அது ஆயிரம் வரை போகிறது. 800க்கு மேல் போனால் ஈரல் பாதிக்கப்படும் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிகின்றன. குடிப்பவனுக்குக் கோப்பையே ஒரு வேலி. எத்தனை கோப்பை குடிப்பான்? வயிறு போதும் என்று சொல்லிவிடும். மாத்திரையோ அந்த வேலியைத் தாண்டி ஒரே விழுங்கில் உள்ளே போய்விடுகிறது.

கொயினாவின் கடைசிக் காலமும் இதையே சொல்கிறது. மலேரியாவுக்கு இன்று அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் கால் சதை பிடித்து இழுப்பதற்காக அதைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். சாவும் ரத்தக் கேடும் நேர்வதைக் கண்ட அரசாங்கம், சீட்டில்லாமல் அப்படி விற்பதை 1994இல் தடுத்தது. ஆனால் கசப்புச் சோடாவில் லிட்டருக்கு 83 மில்லிகிராம் வரை அதே கொயினாவை அனுமதிக்கிறது. ஒரே சத்துத்தான், ஒரு கடையில் பானம், மற்றொரு கடையில் ஆபத்து.

பட்டை டால்பரின் கிண்ணத்தில் ஆபத்தாக இருந்தது, உள்ளே எவ்வளவு என்று தெரியாததால். தேயிலை மாத்திரையில் ஆபத்தானது, உடம்பு அறியாத அளவை அங்கே அடைத்துவிட்டதால். பச்சிலை என்றோ சத்து என்றோ எழுதிய சீட்டைப் பார்த்து நம்புவதும் பயப்படுவதும் வீண் வேலை. இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று விற்பவரைக் கேட்கலாம். 1866இல் நீலகிரிப் பட்டையைப் பற்றி அந்தச் சென்னை வைத்தியர்கள் கேட்டதும் அதைத்தான். பதில் சொல்லத் தெரியாதவர் பாட்டி வைத்தியம் விற்றாலும் பளபளக்கும் குப்பி விற்றாலும், அவர் டால்பருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்தான்.