மூலையில் ஒரு கையொப்பம்

டிசம்பரில் எங்கள் விருதுநகர்க் கிளைக்குப் பருப்பு மண்டியிலிருந்தும் எண்ணெய்க் கடையிலிருந்தும் காலண்டர்கள் வந்து குவியும். எல்லாம் சிவகாசி அச்சு. ஒரு வருஷம் இரண்டில் ஒரே கஜலட்சுமி. ஒன்றின் மூலையில் சி. கொண்டையராஜுவின் கையொப்பம், மற்றதில் மூலையே வெட்டுப்பட்டிருந்தது.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளால் வளர்ந்த அச்சு பிறகு கடவுளரையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கடவுளருக்கு முகம் தந்தவர்களில் முக்கியமானவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜு (1898-1976).

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், காசு கொடுத்து எழுதச் சொன்னவரையே ஓவியத்தின் முதல் உரிமையாளராக்குகிறது. எத்தனை லட்சம் பிரதி போனாலும் எழுதியவருக்கு முதலில் வாங்கிய கூலிதான். ஆனால் 57ஆம் பிரிவின்படி, உரிமை கைமாறிய பின்னும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் பாத்தியதை அவரிடமே நிற்கிறது. வெட்டுப்பட்டது அந்தப் பாத்தியதை.

சாமி படத்துக்குச் சொந்தக்காரன் யார் என்பார்கள். கொண்டையராஜுவே ரவிவர்மாவிடம் வாங்கியவர்தானே என்பார்கள். வாங்கினார், வாங்கியதை நாடகத் திரையின் ஜொலிப்பில் தோய்த்து வேறாக்கினார். சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து எழுதிய படங்கள் உண்டு. கையொப்பத்தைப் பங்கிட்டுக்கொண்ட மனுஷர்.

கிளையில் எதை மாட்டுவது என்று கேள்வி வந்தது. வெட்டுப்பட்டதைக் கொடுத்தவர் பெரிய டெபாசிட்தாரர். ஆணி அடித்தவன் நான்.